பழைய ஹைலக்ஸ் வாங்கியாச்சு, இன்ஜின் எண்ணில் சந்தேகம்: எதை, எந்த வரிசையில் சரிபார்ப்பது?

சாட்ஸ்வொர்த் வாசி கேட்டது:

வணக்கம். ஒன்பது நாளைக்கு முன் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒருவரிடமிருந்து 2017 ஹைலக்ஸ் 2.4 ஜிடி-6 பேக்கி (பிக்கப்) வாங்கினேன். டீலர் இல்லை, தனியாள். பணம் முழுக்க வங்கி வழியாகப் போய்விட்டது. அவர் கொடுத்தவை: ஆர்சி1 பதிவுச் சான்றிதழ், இரண்டு சாவி, கையெழுத்துப் போட்ட விற்பனைத் தாள், அவருடைய ஐடி நகல். ரோட்வர்தி (சாலைத் தகுதிச் சான்று) இன்னும் எடுக்கவில்லை. கண்ணாடியில் உள்ள லைசென்ஸ் டிஸ்க் (ஆண்டு உரிம வில்லை) இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

நேற்று பானெட்டைத் திறந்தபோது மூன்று விஷயம் உறுத்தியது. இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்கள் டிஸ்க்கில் இருப்பதோடு சேருகிற மாதிரி தெரியவில்லை; எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வின் எண்ணை (வண்டியின் பதினேழு எழுத்து சேஸிஸ் எண்) ஓர் இலவச இணையதளத்தில் போட்டால் ‘செல்லாத எண்’ என்கிறது. வலது முன் ஃபெண்டரின் வெள்ளையும் மற்ற இடத்து வெள்ளையும் ஒன்றாக இல்லை.

நான் வேலை விசாவில் இருக்கிறேன், பாஸ்போர்ட்தான் அடையாளம். பதிவு மாற்ற 21 நாள் என்கிறார்கள், 12 நாள்தான் மிச்சம். இது திருட்டு வண்டியா, இன்ஜின் மாற்றிய வண்டியா, இடிபட்டு ரிப்பேர் ஆன வண்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதை முதலில் செய்ய வேண்டும்?

ஸ்பேனர்12 பதில்:

தம்பி, செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். எண் அடித்திருக்கும் இடத்தில் கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் படக் கூடாது. தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் (1996-இன் 93-ஆம் சட்டம்) 68-ஆம் பிரிவின்படி, சேஸிஸ் எண்ணையோ இன்ஜின் எண்ணையோ சிதைப்பது குற்றம். சிதைந்த எண் உள்ள வண்டியைச் சட்டப்படியான காரணம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். நல்ல எண்ணைச் சுத்தம் செய்கிறேன் என்று நீங்களே புதுக் கீறல் போட்டுவிட்டால், அது யார் போட்ட கீறல் என்று பிறகு நிரூபிக்க முடியாது. மண்ணெண்ணெய் நனைத்த துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், இவை போதும். பிசுக்கு இளக அரை மணி நேரம் விடுங்கள்.

ஹைலக்ஸில் சேஸிஸ் எண் வலது பக்க இரும்புச் சட்டத்தில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அடித்திருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பினால் சக்கர வளைவுக்குள் கை போகும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து நிற்கும். துடைத்து உலர்ந்த பிறகு வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்து மேற்பரப்பை மட்டும் துடைத்தால், பள்ளத்தில் வெள்ளை தங்கும். அப்போது படம் எடுங்கள். அதன் பிறகு ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடமும் எடுத்து வையுங்கள். நம்மூர் ஆர்டிஓவில் சேஸ் நம்பரைத் தேய்த்து எடுப்பார்களே, அதேதான். படத்தில் தெரியாத வளைவுகூடத் தடத்தில் தெரியும்.

தடத்தில் என்ன பார்ப்பது? பதினேழு எழுத்தும் ஒரே ஆழம், ஒரே உயரம், ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஆழமாக இருந்தாலோ, வரிசையிலிருந்து அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலோ அந்த எழுத்தைச் சந்தேகியுங்கள். 3-ஐ 8 ஆக்குவது, 1-ஐ 4 ஆக்குவது, 5-ஐ 6 ஆக்குவது மூன்றும் பழைய வழி. எண்ணைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு விரலால் தடவுங்கள். இரும்பு அந்த இடத்தில் மட்டும் மெலிந்து குழிந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். நாலு பக்கமும் கோடு போல வெல்டிங் தடம் வந்தால், வேறு சேஸிஸிலிருந்து எண்ணுள்ள துண்டை அறுத்து வைத்திருக்கிறார்கள். சட்டம் முழுக்கத் தூசியும் துருவுமாக இருக்க, எண் உள்ள இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தாலும் சும்மா விடாதீர்கள். எண் ‘சாப்வின்’ (போலீஸ் தந்த எண்) வகையாக இருந்தால், ஒரு காலத்தில் எண் அழிந்து போலீஸ் கைக்குப் போய், அவர்களே புது எண் அடித்த வண்டி என்று அர்த்தம். அது சட்டப்படி ஓடலாம். ஆனால் இன்ஷூரன்ஸும் மறுவிற்பனையும் இழுபறி ஆகும்.

‘செல்லாத எண்’ என்ற செய்திக்குப் பயப்பட வேண்டாம். அந்த இணையதளங்கள் அமெரிக்க விதிப்படி கணக்குப் போடுகின்றன. ஒன்பதாம் எழுத்து சரிபார்ப்பு இலக்கமாக இருக்க வேண்டும், பத்தாம் எழுத்து மாடல் ஆண்டைச் சொல்ல வேண்டும் என்பது வட அமெரிக்கா போன்ற சில சந்தைகளில்தான் கட்டாயம். இங்கே டர்பன் ப்ராஸ்பெக்டன் ஆலையில் கட்டிய டொயோட்டாக்களில் பத்தாவது இடத்தில் பெரும்பாலும் 0 இருக்கும். ஆண்டுக் குறியில் 0 என்பதே கிடையாது, அதனால் அந்த மென்பொருள் குழம்பி ‘செல்லாது’ என்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது முதல் மூன்று எழுத்து. ஏஎச்டி (AHT) என்று தொடங்கினால் தென்னாப்பிரிக்க டொயோட்டா. ஃபோக்ஸ்வாகன் என்றால் ஏஏவி, சில்வர்டன் ஆலை ஃபோர்டு என்றால் ஏஎஃப்ஏ. பதினேழில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது; அவற்றில் ஒன்று இருந்தால் எண் போலி அல்லது நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள். பதினேழு எழுத்தே இல்லாமல் நடுவில் கோடு போட்ட குட்டி எண்ணாக இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டு வண்டி. டர்பன் துறைமுகம் வழியாகப் பக்கத்து நாடுகளுக்குப் போக வேண்டிய இறக்குமதி அப்படித்தான் இருக்கும். இறக்குமதி அனுமதி இல்லாமல் அதை இங்கே பதிய முடியாது.

அடுத்தது கதவுத் தூணில் உள்ள தகடு. அதில் வின்னோடு மாடல் குறியும் நிறக் குறியும் இருக்கும். 2.4 டீசல், இரு சக்கர இழுவை, உயர்ந்த பாடி என்றால் ஜியுஎன்135, 2.4 நான்கு சக்கர இழுவை ஜியுஎன்125, 2.8 என்றால் 136, 126. பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள், அது கடையில் கிடைக்கும். நிறக் குறி 040 என்றால் வெள்ளை. தகட்டில் வேறு குறி இருந்து வண்டி வெள்ளையாக இருந்தால், கதவு ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், பழைய நிறம் அங்கே ஒளிந்திருக்கும். தகட்டின் ரிவெட்டும் கவனிக்க வேண்டியதுதான்: தொழிற்சாலை ரிவெட்டுக்குப் பதில் சாதாரணப் பாப் ரிவெட் இருந்தால் தகட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

மைக்ரோடாட்டை (வண்டி முழுக்கத் தெளிக்கும், எண் அச்சிட்ட நுண்புள்ளிகள்) மறக்காதீர்கள். 2012 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறை பதிவான எல்லா வண்டிக்கும் அது கட்டாயம், உங்கள் 2017-லும் இருந்தே ஆக வேண்டும். இரவில் கொல்லையில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு சின்னப் புற ஊதா டார்ச்சைக் கதவின் உள்விளிம்பு, பானெட்டின் அடிப்பக்கம், டாஷ்போர்டின் கீழ், சீட்டின் அடிச்சட்டம் என்று காட்டுங்கள். பசை நீலமாக ஒளிரும். அதற்குள் மணல் துகள் மாதிரி புள்ளிகள் தெரியும். போனில் மாட்டும் 60 மடங்கு உருப்பெருக்கி லென்ஸ் வைத்தால் புள்ளியில் அச்சிட்ட எண்ணையே படிக்கலாம். எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒரு தாளில் வண்டிப் படம் வரைந்து குறியுங்கள். அந்த வரைபடம் உங்கள் ஃபெண்டர் கேள்விக்கும் பதில் சொல்லும்.

தாள் அக்கா பதில்:

ஸ்பேனர்12 இரும்பைச் சொல்லிட்டார், நான் காகிதத்தைச் சொல்றேன். தம்பி, ஆர்சி1-ஐக் கையில் எடுத்து ‘டைட்டில் ஹோல்டர்’, ‘ஓனர்’ ரெண்டு இடத்தையும் பாருங்க. இந்த நாட்டில் ரெண்டும் வேற. ஓனர் என்றால் வண்டியை ஓட்டிப் பயன்படுத்துபவர். டைட்டில் ஹோல்டர்தான் சட்டப்படி உரிமைக்காரர். கடன் பாக்கி இருந்தால் அந்த இடத்தில் வங்கி பெயர் இருக்கும், அசல் ஆர்சி1-உம் வங்கியிடம்தான் இருக்கும். விற்றவர் பெயர் ரெண்டு இடத்திலும் இருந்தால் நல்லது. வங்கி பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு அடிகூட நகராதீங்க; நீங்க கொடுத்த பணம் விற்றவருக்குத்தான் போயிருக்கு, வங்கிக்கு இல்ல.

அதே தாளில் பதிவேட்டு எண் ஒன்று இருக்கும்: மூன்று எழுத்து, மூன்று எண், ஒரு எழுத்து. நம்பர் பிளேட் மாகாணம் மாறினால் மாறும். டர்பனின் என்டி பிளேட் ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் ஜிபி ஆகலாம், இப்போ நம்ம குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கடைசியில் இசட்என் வருது. பதிவேட்டு எண் மட்டும் வண்டி பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒன்றே. அதனால் ஒப்பிட வேண்டியது பிளேட்டை இல்ல, பதிவேட்டு எண், வின், இன்ஜின் எண் இந்த மூன்றையும்.

டிஸ்க்கில் உள்ள பட்டைக்கோடு வெறும் அலங்காரம் இல்ல. பிடிஎஃப்417 வகை, பூட்டு எதுவும் போடாதது. போனில் இந்த வகைப் பட்டைக்கோடு படிக்கும் ஆப் எதுவானாலும் அதைப் படிக்கும். பிளேட் எண், பதிவேட்டு எண், பாடி வகை, தயாரிப்பு, நிறம், வின், இன்ஜின் எண், முடியும் தேதி எல்லாம் சதவீதக் குறி நடுவில் போட்டு வரிசையா வரும். டிஸ்க்கின் முகத்தில் அச்சிட்டதும் கோட்டுக்குள் இருப்பதும் ஒன்றா என்று பாருங்க. போலி டிஸ்க் அடிக்கிறவன் பெரும்பாலும் இன்னொரு வண்டியின் கோட்டை அப்படியே ஒட்டிவிடுவான், மேலே எழுத்தை மட்டும் மாற்றுவான். இதுக்கு ரெண்டு நிமிஷம் போதும், இன்னைக்கே செய்ங்க.

ஆர்சி1-இன் வெளியீட்டுத் தேதியும் முக்கியம். விற்பதற்கு ஒரு வாரம் முன்னால் எடுத்ததாக இருந்தால், அசல் தொலைந்ததா, எதற்கு மறுநகல் என்று விற்றவரைக் கேளுங்க. நல்ல காரணமும் இருக்கலாம், கேட்காமல் விடக் கூடாது. வண்டியின் நிலையும் எழுதியிருக்கும். கோட் 1 புது வண்டி, கோட் 2 பழையது, கோட் 3 மறுபடி கட்டியது, 3ஏ என்றால் உதிரி பாகத்துக்கு மட்டும், 4 என்றால் நிரந்தரமாக உடைத்தது. 3ஏ-வும் 4-உம் மறுபடி சாலைக்கு வரவே முடியாது.

இப்போ உங்க தலையாய வேலை: போக்குவரத்துப் பதிவு எண். பாஸ்போர்ட்டை வைத்து வண்டியைப் பெயருக்கு மாற்ற முடியாது. ஏஎன்ஆர் படிவம் நிரப்பி, பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று, புகைப்படத்தோடு லைசென்சிங் அலுவலகத்தில் கொடுத்து அந்த எண்ணை வாங்கணும். மற்ற எல்லாத்தையும்விட இதற்குத்தான் நாள் பிடிக்கும், அதனால் நாளைக் காலையே போங்க. மனு கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரமா வைங்க. 21 நாள் தாண்டினால் அபராதம் வரும். ஆனால் தப்பான எண்ணோடு அவசரமாகப் பதிந்துவிட்டால் அந்தத் தப்பு உங்க பெயரில் உட்காரும். அபராதம் அதைவிடச் சின்னச் சுமை.

பதிவுக்கு வேண்டியவை: ஆர்எல்வி படிவம் (பதிவு, லைசென்ஸ் மனு), அசல் ஆர்சி1, அடையாளமும் நகலும், மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்று, ரோட்வர்தி. ரோட்வர்தி 60 நாள்தான் செல்லும், அதனால் எண் பிரச்சினை தீராமல் அதை எடுத்தால் காசு வீண். விற்றவர் என்சிஓ படிவம் (உரிமை மாறியதைச் சொல்லும் அறிவிப்பு) கொடுத்துவிட்டாரா என்றும் கேளுங்க; அது அவர் கடமை, அவருக்கும் நல்லது. பழைய லைசென்ஸ் பாக்கி இருந்தால் மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அபராதம் ஏறிக்கொண்டே போகும், கவுன்டரில் உங்களைத்தான் கட்டச் சொல்வாங்க.

சாட்ஸ்வொர்த் வாசி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. ரெண்டு நாளில் பார்த்ததை எழுதுகிறேன்.

சேஸிஸ் எண், கதவுத் தகடு, ஆர்சி1, டிஸ்க் கோடு நாலிலும் வின் ஒன்றே, ஏஎச்டி தொடக்கம். எழுத்துகள் சீராக இருக்கின்றன. தகட்டில் ஜியுஎன்135, நிறம் 040. டைட்டில் ஹோல்டர், ஓனர் இரண்டும் விற்றவர் பெயர், கோட் 2. மைக்ரோடாட் இடது கதவுகள், டாஷ்போர்டு அடி, பின்பக்கம் எல்லாம் இருக்கிறது. படித்த புள்ளிகளில் அதே வின் எண். வலது ஃபெண்டர், வலது முன் கதவு, பானெட் மூன்றிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

இன்ஜின் எண் சுத்தம் செய்தபின் தெளிவாகத் தெரிகிறது. 2ஜிடி என்றுதான் தொடங்குகிறது, ஆனால் பின்னால் வரும் இலக்கங்கள் முற்றிலும் வேறு. ஒரு எண் தவறு இல்லை, முழுக்க வேறு இன்ஜின். அடித்தது சுத்தமாக இருக்கிறது, தேய்த்த தடம் இல்லை. ப்ளூடூத் ஓபிடி கருவியில் வின் சரியாக வந்தது. அது போதுமா?

ஸ்பேனர்12 பதில்:

ஓபிடி மட்டும் போதாது, தம்பி. அது இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எழுதியிருக்கும் வின்னைத்தான் படிக்கிறது. பெட்டியை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம், கருவி இருந்தால் வின்னை மாற்றியும் எழுதலாம். இரும்போடு ஒத்துப்போனால் அது கூடுதல் நம்பிக்கை, தனியாக அது சாட்சி இல்லை. உங்கள் விஷயத்தில் சேஸிஸ், தகடு, புள்ளி, பெட்டி நாலும் ஒரே வின்னைச் சொல்வதால் வண்டியின் உடம்பு தன் அடையாளத்தோடுதான் இருக்கிறது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். களவாடிய வண்டிக்கு வேறு எண் போடுபவன் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள புள்ளிவரை மாற்றமாட்டான்.

இன்ஜின் தனி விவகாரம். டீசலில் இன்ஜெக்டர் ஒழுகிப் பிஸ்டன் ஓட்டை விழுந்தாலோ, தண்ணீர் வற்றிச் சூடேறினாலோ முழு இன்ஜினையே மாற்றிவிடுவது இங்கே வழக்கம், அதில் தப்பில்லை. மாற்றியதைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டதுதான் தப்பு. அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. உடைத்த வண்டியிலிருந்து முறையாக வாங்கியதா, கடத்திய வண்டியிலிருந்து பிரித்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

விற்றவரிடம் கேட்க வேண்டியது: இன்ஜின் வாங்கிய பில், அதில் இன்ஜின் எண், கடையின் பெயர், தேதி, முடிந்தால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற விவரம். பழைய பொருள் விற்கும் கடைகள் 2009-இன் 6-ஆம் சட்டப்படி பதிவேடு வைத்தே ஆக வேண்டும். அதனால் விற்றவரிடம் பில் தொலைந்திருந்தாலும் கடையில் நகல் கிடைக்க வழி உண்டு. மாற்றிய மெக்கானிக்கின் பில்லும் இருந்தால் நல்லது. எதுவுமே இல்லை என்றால், எப்போது, யாரிடம், எவ்வளவுக்கு மாற்றினார் என்று காவல் நிலையத்தில் சத்தியப்பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், காசு எதுவும் கிடையாது.

அதை வைத்துக்கொண்டு லைசென்சிங் அலுவலகத்தில் ஆர்பிசி படிவம் (போலீஸ் சோதனை கோரும் மனு) வாங்கி, போலீசின் வாகனப் பிரிவுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் சேஸிஸ், இன்ஜின் இரண்டையும் தேடிப் பார்த்து ‘தெளிவு’ என்று பதிந்த பிறகுதான் நேட்டிஸ் என்ற தேசிய வாகனப் பதிவேட்டில் புது இன்ஜின் எண் ஏறும். இதைச் செய்யாமல் ரோட்வர்திக்குப் போனால் அங்கே எண்ணை ஒப்பிடும்போதே மாட்டிக்கொள்ளும். டிஸ்க் முடிந்தபின் 21 நாள் சலுகை உண்டு. அதுவும் தாண்டிவிட்டால் மூன்று நாள் செல்லும் சிறப்பு அனுமதி வாங்காமல் வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.

பெயின்ட் கேஜ் பதில்:

ஃபெண்டர், கதவு, பானெட் மூன்றிலும் புள்ளி இல்லை என்றால் அந்தப் பக்கம் பலமாக அடிபட்டு மூன்றும் மாறியிருக்கிறது. இன்ஜினும் அதே விபத்தில் போயிருக்க வாய்ப்பு அதிகம். பெயின்ட் தடிமன் அளக்கும் கேஜை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான். 300 தாண்டினால் மறுபடி அடித்தது, ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி. மாற்றிய ஃபெண்டரைவிட அது சேரும் இடங்கள்தான் முக்கியம்: கதவுத் தூண், கண்ணாடிக்குக் கீழ் உள்ள பலகை, சேஸிஸ் சட்டத்தின் முன்முனை. அங்கே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வட்ட வெல்டிங் புள்ளிகள் இருக்கிறதா, வலது பக்கச் சட்டத்தில் சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெண்டர் மாறினால் வண்டி ஓடும். சட்டம் வளைந்திருந்தால் டயர் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டே இருக்கும், எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது.

சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் தைத்திருக்கும் துணி லேபிளைப் படியுங்கள், அதில் தயாரித்த தேதி இருக்கும். எல்லாம் 2016, 2017 என்று இருந்து ஓட்டுநர் பெல்ட் மட்டும் 2021 என்றால், அந்தப் பெல்ட் இழுபடும் அளவுக்கு மோதல் நடந்திருக்கிறது. அப்போது ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், உள்ளே ஏர்பேக் இருக்கிறதா என்பதே சந்தேகம். இதில் மட்டும் தயவுசெய்து காசு பார்க்காதீர்கள், டொயோட்டா கடையில் கருவி போட்டுப் பாருங்கள்.

கோட் 2 என்று இருப்பதால் பெரிய விபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் ‘ரிப்பேர் செய்தால் கட்டுப்படியாகாது’ என்று முடித்த வண்டிகள் பல, ஏலத்துக்குப் போய், கோட் 2-ஆகவே திரும்பச் சாலைக்கு வந்திருக்கின்றன. அதற்காகத்தான் தென்னாப்பிரிக்க இன்ஷூரன்ஸ் சங்கம் வின்-லுக்கப் என்ற தேடலைப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வின்னைப் போட்டால், உறுப்பு நிறுவனங்கள் முடித்துவைத்த வண்டியா என்று தெரியும். இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓடி இடித்த வண்டி அதில் வராது. ஆகவே ‘பதிவு இல்லை’ என்பதை விபத்தே இல்லை என்று படிக்காதீர்கள். கூடவே காசு கட்டி டிரான்ஸ்யூனியன் வாகன அறிக்கை ஒன்று எடுங்கள். கடன், போலீஸ் தேடல் இரண்டும் அதில் வரும்.

கிலோமீட்டருக்கு டொயோட்டா கடையில் வின்னைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தால் பழைய ஓனர் பெயரைத் தரமாட்டார்கள், தேதியும் கிலோமீட்டரும் தரலாம். இந்த இன்ஜினுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், அதனால் வரிசை அடர்த்தியாக இருக்கும். 2020-இல் 1,40,000 என்று பதிந்து இன்றைக்கு மீட்டரில் 1,18,000 காட்டினால் வேறு சாட்சி வேண்டாம். வரிசை திடீரென்று நின்ற தேதிதான் பெரும்பாலும் விபத்து நடந்த காலம்.

தாள் அக்கா பதில்:

சட்டப் பக்கம் கொஞ்சம். தனியாளிடம் வாங்கியதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறு மாத உத்தரவாதம் உங்களுக்குக் கிடையாது, அது தொழிலாக விற்கிறவர்களுக்குத்தான். விற்பனைத் தாளில் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்று இருக்கா பாருங்க. இருப்பது இருந்தபடியே வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். ஆனால் விற்றவருக்குக் குறை தெரிந்திருந்து வேண்டுமென்றே மறைத்திருந்தால் அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது. இன்ஜின் மாற்றியது அவருக்குத் தெரியாமல் நடந்திருக்காது. அதனால் போனில் பேசாதீங்க, வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்க: எப்போ மாற்றினீங்க, பில் எங்கே, மோதல் எப்போ நடந்தது. மரியாதையா, மிரட்டாம. பதில் எதுவானாலும் அது பதிவு.

ஒருவேளை அந்த இன்ஜின் திருட்டு என்று போலீஸ் சொன்னால், நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்பதால் அது உங்களுக்குச் சொந்தமாகாது. அசல் உரிமையாளர் கேட்கலாம். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதற்குத்தான் வங்கிப் பரிமாற்றமும் விற்பனைத் தாளும். போலீஸ் வண்டியை எடுத்துக்கொண்டால் எஸ்ஏபிஎஸ்13 (அவர்கள் கைப்பற்றிய பொருள்களின் பதிவேடு) எண்ணையும் வழக்கு எண்ணையும் எழுதி வாங்காமல் வெளியே வராதீங்க. நீங்களே முன்வந்து கொண்டுபோனீங்க என்பது அந்த நேரத்தில் பெரிய பலம். இது தெரிந்த பிறகு சத்தமில்லாமல் வேறொருத்தர் தலையில் கட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. அப்போ தெரிந்தே மறைத்தவர் நீங்கதான்.

சாட்ஸ்வொர்த் வாசி:

விற்றவர் பதில் எழுதிவிட்டார். 2022-இல் முன்பக்கம் அடிபட்டதாம், இன்ஜின் பில் இருக்கிறதாம், திங்கட்கிழமை நகல் தருகிறார், காவல் நிலையத்துக்கும் கூட வருகிறேன் என்கிறார். போக்குவரத்துப் பதிவு எண்ணுக்கு இன்று மனு கொடுத்துவிட்டேன். சீட் பெல்ட் நாலும் 2017 தேதிதான், ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறது.

ஸ்பேனர்12 பதில்:

நல்லது. பில் வந்ததும் அதிலுள்ள எண்ணை உங்கள் பென்சில் தடத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், ‘2ஜிடி இன்ஜின் ஒன்று’ என்று மட்டும் எழுதிய பில் போலீசில் உதவாது. எண் இல்லையென்றால் கடையிலேயே எழுதி முத்திரை வாங்கி வரச் சொல்லுங்கள். திங்கள் போகும்போது தடம், படங்கள், ஆர்சி1, விற்பனைத் தாள், பணம் அனுப்பிய சான்று, மனு ரசீது எல்லாம் இரண்டு நகல்.

இன்னொன்று: டாஷ்போர்டின் அடியிலும் சீட்டுக்குப் பின்னாலும் பழைய டிராக்கர் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலை வயரிங்கோடு சேராத, கறுப்பு டேப் சுற்றிய தனி வயர் ஒன்று போனால் அதைத் தொடருங்கள். வெட்டாதீர்கள், சில பெட்டிகள் ஸ்டார்ட்டர் வயரோடு சேர்ந்திருக்கும், வெட்டினால் வண்டி நின்றுவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் நிறுவனத்துக்குப் போன் போட்டு வின்னைச் சொன்னால், விற்றவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றவோ முறையாகக் கழற்றவோ வழி சொல்வார்கள். விற்றவர் திங்கள் கூட வருகிறார் அல்லவா, அவர் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.